பழைய விமான ரகங்களில் பறக்க வேண்டுமா? அது ஏன் இன்னும் பறக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி இதுதான்: இதுவரை போயிங் 737, ஏர்பஸ் ஏ320 இரண்டில் மட்டுமே பறந்திருக்கும் ஒருவர், 747, 757, ஃபோக்கர், சின்ன நான்கு இன்ஜின் ஜெட், பழைய டர்போபிராப் (டர்பைன் இன்ஜினால் ப்ரொப்பெல்லர் சுழலும் விமானம்) என்று பல ரகங்களிலும் அவை மறைவதற்குள் பறந்துவிட ஆசைப்படுகிறார். எங்கே தேடுவது? டிக்கெட் வாங்கிய பிறகு கேட்டில் வேறு விமானம் வந்து நிற்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பெரும்பாலானவர்கள் "இந்த ரகம் எந்த ஏர்லைனிடம் இருக்கிறது" என்று தேடத் தொடங்குகிறார்கள். அதில் கிடைக்கும் பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும். அதைவிட நல்ல கேள்வி ஒன்று உண்டு: இந்த ஏர்லைன் இதை ஏன் இன்னும் விற்கவில்லை? பழைய ஜெட் எரிபொருளைக் குடிக்கும், உதிரிபாகம் கிடைக்காது, பராமரிப்புக்கு அதிக நாள் தரையில் நிற்கும். பாசத்துக்காக எந்த நிறுவனமும் அதை வைத்திருப்பதில்லை. ஏதோ ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரிந்தால் விமானம் எந்த ஊர்களுக்குப் போகும், வாரத்தில் எத்தனை நாள் போகும், இன்னும் எத்தனை காலம் போகும் என்பதெல்லாம் தானே புரிந்துவிடும்.

போயிங் 737-200ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது கனடாவின் வடக்கில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் சரளைக்கல் ரன்வே. அதன் ஜேடி8டி இன்ஜின் ஒல்லியானது, இறக்கையோடு ஒட்டி இருப்பதால் தரையிலிருந்து போதிய உயரம் கிடைக்கிறது. அதற்கென்று போயிங் ஒரு சரளை உபகரணத் தொகுதி தயாரித்தது. மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் பனிச்சறுக்குப் பலகை போல ஒரு தகடு, தெறிக்கும் கல்லை உடலில் படாமல் தடுக்கும். இன்ஜின் வாய்க்குக் கீழே முன்னோக்கி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினிலிருந்து எடுத்த அழுத்தக் காற்றை அது கீழ்நோக்கி ஊதி, தரையிலிருந்து சுழல் எழுந்து கல்லை உள்ளே இழுக்காமல் கலைத்துவிடும். அடுத்து வந்த 737-300இல் இன்ஜின் பெருத்து தரையை நெருங்கிவிட்டது, அதற்கு இந்தத் தொகுதி கிடையாது. அதனால்தான் ஐம்பது ஆண்டு பழைய விமானத்துக்கு அங்கே வேலை இருந்தது. ஏர் இனுயிட், நோலினோர் இரண்டும் இதில் தெரிந்த பெயர்கள். நோலினோர் பெரும்பாலும் சார்ட்டர், அதாவது ஒரு நிறுவனமோ குழுவோ முழுதாக வாடகைக்கு எடுக்கும் விமானம். ஏர் இனுயிட் வடக்கு கியூபெக்கின் இனுயிட் ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனம், அதுவும் 737-800 பக்கம் மாறிக்கொண்டிருக்கிறது. ரன்வேக்குத் தார் போட்டால் விமானத்தின் காரணமும் போய்விடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். இந்த விமானங்கள் பல 'காம்பி' அமைப்பில் இருக்கும்: முன்பாதியில் பெரிய பக்கவாட்டுக் கதவு வழியாக ஏற்றிய சரக்கு, நடுவில் ஒரு தடுப்புச் சுவர், பின்பாதியில் பயணிகள். பயணிகள் ஏறி இறங்குவதும் பின்பக்கமாகவே இருக்கும். டிக்கெட் மலிவாக இருக்காது, அதற்குத் தயாராக இருங்கள்.

ஃபோக்கர் 100க்குக் காரணம் வேறு. ஃபோக்கர் நிறுவனம் 1996 மார்ச்சில் திவாலானது. 283 விமானங்களோடு ஃபோக்கர் 100 உற்பத்தி முடிந்தது. ஆனாலும் ஆஸ்திரேலியாவில், குறிப்பாகப் பெர்த்திலிருந்து சுரங்க ஊர்களுக்கு, அது பெரிய எண்ணிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு எளியது. சுரங்கத் தொழிலாளரை அதிகாலையில் கொண்டுபோய் விட்டு, ஷிஃப்ட் முடித்தவர்களை ஏற்றி வருகிற விமானம் நாளில் சில மணி நேரமே பறக்கிறது. அவ்வளவு குறைவாகப் பறக்கும் விமானத்துக்குப் புது ஜெட்டின் மாதத் தவணை கட்டுவதைவிட, கடன் முடிந்த பழைய ஜெட்டுக்கு எரிபொருள் கூடுதலாக ஊற்றுவது லாபம். அப்படியானால் தேட வேண்டியது எங்கே? வாரநாள்களில், விடியற்காலையில், சுரங்க ஊர்களுக்கு. சார்ட்டர்களில் வெளியாருக்கு இடமில்லை. ஆனால் அதே ஊர்களுக்குப் பொது டிக்கெட் விற்கும் சேவைகளும் உண்டு. இதே தர்க்கம் சாப் 340க்கும் பொருந்தும். ஆஸ்திரேலியாவின் ரெக்ஸ் நிறுவனம்தான் அந்த ரகத்தின் மிகப் பெரிய புகலிடம். 34 சீட்டுக்குப் புதிதாக டர்போபிராப் யாரும் தயாரிப்பதில்லை என்பதே அது நீடிக்கக் காரணம்.

மூன்றாவது வகைக் காரணம், புதிய விமானம் வரத் தாமதமாவது. லுஃப்தான்சா 747-400ஐயும் ஏ340ஐயும் முதலில் நினைத்ததைவிட அதிக காலம் வைத்திருப்பதில் போயிங் 777எக்ஸ் தாமதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2020 ஜனவரியில் முதலில் பறந்த அந்த விமானத்தின் முதல் டெலிவரி இப்போது 2027 என்று தள்ளிப்போயிருக்கிறது. எனவே 747-400இன் ஆயுளைக் கணிக்க லுஃப்தான்சாவின் அறிவிப்பைவிட 777எக்ஸ் சோதனைச் செய்திகளைப் படிப்பது அதிகம் உதவும். 747-8 பயணிகள் விமானம் லுஃப்தான்சா, கொரியன் ஏர், ஏர் சைனா மூன்றிடம் உண்டு. அது இன்னும் சில ஆண்டு இருக்கும், அவசரம் இல்லை. அவசரம் 747-400க்குத்தான்.

ஏ380க்கும் இன்று அவசரமில்லை என்பேன். 2021இல் 251ஆவது விமானத்தோடு உற்பத்தி நின்றது. எமிரேட்ஸ் மட்டும் 123 வாங்கியது. ஆனால் அதில் பறக்கப் பதினான்கு மணி நேரப் பயணமும் அதற்கான பணமும் வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை. ஒரு நாட்டு ஏர்லைன் மற்ற இரண்டு நாடுகளுக்கு நடுவே டிக்கெட் விற்கும் உரிமையை ஐந்தாம் சுதந்திரம் என்பார்கள். அப்படி எமிரேட்ஸ் பாங்காக்–ஹாங்காங், சிட்னி–கிறைஸ்ட்சர்ச் போன்ற துண்டுகளில் ஏ380ஐ ஓட்டியிருக்கிறது. சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம், எகானமி டிக்கெட்டும் மற்ற ஏர்லைன்களோடு போட்டி போடும் விலையில் கிடைக்கும். அகன்ற உடல் விமானத்தைக் குறைந்த தூரத்தில் பிடிக்க இன்னொரு நல்ல இடம் ஜப்பானின் உள்நாட்டுச் சேவை. டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கும் நேர ஒதுக்கீடு கிடைப்பது அரிது, அதனால் ஒன்றரை மணி நேரத் தூரத்துக்கே 767, 777 போன்ற பெரிய விமானங்களை அனுப்புகிறார்கள். ஒரே நாளில் ஹனேடா–ஃபுகுவோகா ஒரு ரகத்தில் போய் வேறு ரகத்தில் திரும்பலாம்.

757க்கு நான் தனியாக ஒரு பத்தி ஒதுக்குவேன். 1982 பிப்ரவரியில் முதலில் பறந்தது, 2004இல் 1,050 விமானங்களோடு உற்பத்தி முடிந்தது. குறுகிய ரன்வே, வெப்பமான உயரமான ஊர், ஒற்றை நடைபாதை விமானத்துக்கு மிஞ்சிய தூரம்: இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்யும் விமானம் அதற்குப் பிறகு நெடுங்காலம் வரவில்லை. இப்போது ஏ321இன் நீண்டதூர வடிவங்கள் வந்துவிட்டன. 757ஐத் தாங்கிய காரணம் கரைந்துகொண்டிருக்கிறது. ஐஸ்லாந்துஏர், டெல்டா, யுனைடெட் மூன்றும் இன்றைக்கு அதைச் சாதாரணமாக ஓட்டுகின்றன. நீங்கள் ஒரே ஒரு ரகத்துக்கு மட்டும் இந்த ஆண்டு செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள். மொத்தமே 55 தயாரான 757-300ஐ டெல்டாவிலோ யுனைடெட்டிலோ பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதே போல யாரும் கவனிக்காத 'அநாதை' ரகங்கள் சில உண்டு. 69 மட்டுமே தயாரான 737-600 ஏர் அல்ஜீரி, டுனிஸ்ஏர் போன்றவற்றிடம் இருக்கிறது. 80 மட்டுமே தயாரான ஏ318 ஏர் பிரான்ஸில். 767-400 டெல்டா, யுனைடெட் இரண்டில் மட்டும். 156 தயாரான 717 ஹவாயன், டெல்டாவில். ஹவாய்த் தீவுகளுக்கிடையே 717 நாள் முழுக்க பேருந்து போல ஓடுகிறது. ஹொனலுலு–கஹுலுயி பறப்பது அரை மணி நேரம்கூட இல்லை. டிசி-9 குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அது. அதே குடும்பத்து எம்டி-80 கிடைக்காதவர்களுக்கு அந்த உடலும் 2-3 சீட் அமைப்பும் (நடைபாதைக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று) பின்பக்க இன்ஜினும் பாதுகாப்பான ஏர்லைனில், சாதாரண டிக்கெட்டில் கிடைக்கும் இடம் இதுதான்.

முன்னுரிமையை இப்படித்தான் வகுக்க வேண்டும்: அரிதாகிவிட்டதைத் துரத்துவதைவிட, இன்று சாதாரணமாக இருந்து நாளை போகப்போவதை முதலில் முடியுங்கள். பிரியாவிடைப் பயணத்துக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் 747 முழுவதையும் நிறுத்துவதாக 2020 ஜூலையில் அறிவித்தபோது அவை ஏற்கெனவே தரையில் நின்றிருந்தன. பயணிகளுக்குப் பிரியாவிடையே இல்லை. நல்லபடியாக நடக்கும் பிரியாவிடைகளும் உண்டு. பீமான் வங்கதேச ஏர்லைன்ஸ் 2014 பிப்ரவரியில் உலகின் கடைசிப் பயணிகள் டிசி-10ஐப் பர்மிங்ஹாமுக்குக் கொண்டுவந்து, ஆர்வலர்களுக்காகவே சுற்றுப்பறப்புகள் விற்றது. இப்படிப்பட்டவற்றை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு சிறு வழி: ஃப்ளைட் நம்பர். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கடைசி எம்டி-80 2019 செப்டம்பர் 4 அன்று 80 என்ற எண்ணில் பறந்தது. டெல்டா 2020 ஜூன் 2 அன்று எம்டி-88ஐ 88 என்ற எண்ணிலும் எம்டி-90ஐ 90 என்ற எண்ணிலும் அனுப்பி வைத்தது. அட்டவணையில் ரகத்தின் பெயரோடு ஒத்த எண் திடீரென்று ஒரே ஒரு நாளுக்கு மட்டும் தோன்றினால் உடனே வாங்கிவிடுங்கள்.

இனி தேடும் முறை. முன்பதிவுத் திரையில் 'போயிங் 757' என்று எழுதியிருப்பது ஒரு நோக்கம் மட்டுமே, வாக்குறுதி இல்லை. எந்த ஏர்லைனின் பயண நிபந்தனையும் விமான ரகத்துக்கு உத்தரவாதம் தராது. ரகம் மாறியதற்காக இழப்பீடும் கிடையாது. ஐரோப்பிய விதிகளில்கூட, நீங்கள் வாங்கிய வகுப்பைவிடத் தாழ்ந்த வகுப்பில் உட்கார வைத்தால்தான் பணம் திரும்பும்.

முதலில் குறியீடுகளைப் பழகுங்கள். அட்டவணைகளில் ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று எழுத்துக் குறியீடு உண்டு: 747-400க்கு 744, 747-8க்கு 74எச், ஏ380க்கு 388, ஏ340-300க்கு 343, 757-200க்கு 752 (நுனி வளைந்த இறக்கையுள்ளது 75டபிள்யூ), 757-300க்கு 753, 767-400க்கு 764, ஃபோக்கர் 100க்கு வெறும் 100, சாப் 340க்கு எஸ்எஃப்3, அன்டோனோவ் 24க்கு ஏஎன்4, அவ்ரோ ஆர்ஜே85க்கு ஏஆர்8. இதில் ஒரு பொறி இருக்கிறது. 737, 757, 767, 32எஸ் போன்றவை பொதுக் குறியீடுகள். அந்தக் குடும்பத்தில் எது வந்தாலும் பொருந்தும். பொதுக் குறியீட்டை நம்பி டிக்கெட் வாங்கக் கூடாது. ரகத்தை வைத்து வழித்தடங்களை வடிகட்டிப் பார்க்க ஃப்ளைட்கனெக்‌ஷன்ஸ் தளத்தின் கட்டணச் சேவை வசதியானது.

வழித்தடம் கிடைத்ததும், அந்த ஃப்ளைட் நம்பரை விமானங்களைப் பின்தொடரும் ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் தேடி, கடந்த நாள்களில் உண்மையில் எந்தப் பதிவெண் (விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் அடையாள எண்) பறந்தது என்று பாருங்கள். இலவசக் கணக்கில் ஏழு நாள் வரலாறு தெரியும்; ஏழு போதாது, இரண்டு வாரம் தொடர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். பதினான்கில் பன்னிரண்டு முறை உங்கள் ரகம் வந்திருந்தால் துணிந்து வாங்கலாம். ஏழு முறைதான் என்றால் கிழமையைப் பாருங்கள். செவ்வாய், வியாழன், சனி மட்டும் வருகிறதா? அப்படி ஒழுங்கு இருந்தால் அது திட்டமிட்டது. ஒழுங்கே இல்லாவிட்டால் ஏர்லைன் அன்றன்றைக்குக் கையில் கிடைத்ததை அனுப்புகிறது, அந்த வழித்தடத்தை விட்டுவிடுங்கள். கோட்ஷேர் எண்ணை (வேறொரு ஏர்லைன் ஓட்டும் விமானத்துக்கு இன்னொரு ஏர்லைன் தன் பெயரில் டிக்கெட் விற்கும் எண்) வைத்துத் தேடினால் வரலாறு தவறாகத் தெரியலாம். உண்மையில் விமானத்தை ஓட்டும் ஏர்லைனின் எண்ணைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை மாதம் முன்னால் வாங்குவது? ஏர்லைன் அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் புரளும். பத்து மாதம் முன்னால் ஏற்றியிருக்கும் ரகம் பெரும்பாலும் போன ஆண்டின் நகல். பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும்போதுதான் அது நம்பத்தகுந்ததாகும். இந்த ஞாயிறுகளைக் கடந்த தேதிக்கு, பழைய அட்டவணையின் வரலாற்றைக் காட்டி மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். வாங்கும்போது மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். அமெரிக்காவின் பெரிய ஏர்லைன்கள் 2020 முதல் உள்நாட்டு டிக்கெட்டுக்கு மாற்றக் கட்டணத்தை நீக்கியிருக்கின்றன, மிக மலிவான பேசிக் எகானமி தவிர. பயணத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அதே நாளின் வேறு விமானத்துக்கு மாற்றும் வசதியும் அங்கே உண்டு. விமானத்தின் பதிவெண் முடிவாவது அந்த நேரத்தில்தான் என்பதால் இந்த வேட்டைக்கு அதைவிடப் பொருத்தமான வசதி இல்லை.

வாங்கிய பிறகு காவல் காக்க வேண்டியது சீட் மேப்பை. ரகம் மாறினால் மின்னஞ்சல் வருவதற்கு முன்பே சீட் மேப் மாறிவிடும். 717க்கு 2-3, 3-3 தெரிந்தால் அது 717 இல்லை. 767க்கு 2-3-2. எக்ஸ்பர்ட்ஃப்ளையர் போன்ற சேவைகள் ரகம் மாறியதும் எச்சரிக்கை அனுப்பும்.

இன்னொரு நுட்பம், பலர் யோசிக்காதது. ஹப்பிலிருந்து, அதாவது ஏர்லைனின் மைய நிலையத்திலிருந்து, கிளம்பும் விமானத்தை மாற்றுவது ஏர்லைனுக்கு எளிது, ஏனென்றால் மாற்று விமானங்கள் அங்கேதான் நிற்கின்றன. ஒரு விமானத்தில் கோளாறு என்றால் பக்கத்துக் கேட்டில் நிற்பதை அனுப்பிவிடுவார்கள். தொலைவான சிறு நிலையத்தில் அப்படி முடியாது. அங்கே இறங்கிய விமானம்தான் திரும்பி வந்தாக வேண்டும். அதிலும் இரவு அங்கே தங்கி விடியற்காலை கிளம்பும் விமானம் மிக உறுதியானது. முந்தின மாலை எந்தப் பதிவெண் வந்து இறங்கியது என்று பார்த்தால் காலையில் எதில் ஏறப்போகிறீர்கள் என்பது பத்து மணி நேரம் முன்பே தெரியும். ஆகவே இரு வழியில் ஒன்றை மட்டும் பழைய ரகத்தில் பறக்க முடியும் என்றால், சிறு நிலையத்திலிருந்து ஹப்புக்கு வரும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

போன விமானத்திலேயே திரும்புவது இன்னொரு வழி. உள்நாட்டுச் சேவைகளில் மட்டும் செய்யுங்கள். எல்லை கடந்தால் குடிவரவு வரிசை உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். தரையில் நிற்கும் நேரம் 40 நிமிடம், செக்-இன் மூடுவதும் 40 நிமிடம் முன்பு என்றால் கணக்கு இடிக்கும். இரு வழிக்கும் கிளம்பும் முன்பே ஆன்லைனில் செக்-இன் செய்யுங்கள், கைப்பை மட்டும் எடுத்துப் போங்கள். போகும் விமானம் தாமதமானால் திரும்பும் விமானமும் தாமதமாகும், அது ஒரே விமானம் என்பதால். ஆனால் ஏர்லைன் நடுவில் விமானத்தை மாற்றிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அன்றைக்கே வீடு திரும்ப வேண்டிய கட்டாயம் இருந்தால் இதை முயலாதீர்கள்.

சீட் தேர்வு ரகத்துக்கு ரகம் மாறும். 747இல் கீழ்த்தளத்தின் மூக்குப் பகுதியில் உடல் உட்புறமாக வளைவதால் முதல் வரிசை ஜன்னல்கள் சற்றே முன்னோக்கிப் பார்க்கும். லுஃப்தான்சாவின் 747-400இல் அந்த இடம் பிசினஸ் வகுப்பு, 747-8இல் முதல் வகுப்பு. மூக்கில் உட்கார 747-400தான் மலிவு. 717, ஃபோக்கர் 100 இரண்டிலும் கடைசி வரிசைகளில் இன்ஜின் ஜன்னலை மறைத்துவிடும். சத்தத்துக்காகவே பறப்பவர்கள் அங்கே உட்காரலாம், காட்சிக்காக என்றால் இறக்கைக்கு முன்னால் போய்விடுங்கள். உயர்ந்த இறக்கையுள்ள அன்டோனோவ் 24, ஃபோக்கர் 50, டாஷ் 8 ஆகியவற்றில் சக்கரங்கள் இன்ஜின் கூட்டுக்குள்ளிருந்து கீழே இறங்கும். இன்ஜினுக்கு ஒரு சில வரிசை பின்னால் உட்கார்ந்தால் கதவு திறப்பது, கால் நீள்வது, சக்கரம் தரையைத் தொட்டுப் புகை விடுவது எல்லாம் கண் முன்னால் நடக்கும். ஏடிஆரில் சக்கரம் உடலுக்குள் மடிவதால் அது தெரியாது. ப்ரொப்பெல்லர் வட்டத்துக்கு நேரான வரிசையில் அதிர்வு அதிகம்.

பிஏஇ 146, அதன் வாரிசு அவ்ரோ ஆர்ஜே: நான்கு சின்ன இன்ஜின், உயர்ந்த இறக்கை. இதில் இறக்கைக்கு அருகில் உட்காருங்கள். ஃப்ளாப் (இறக்கையின் பின்னோரத்தில் நீளும் தகடு) நகரும்போது ஒரு நீண்ட ஊளைச் சத்தம் எழும், முதல்முறை கேட்பவர் திடுக்கிடுவார், அது இந்த விமானத்தின் இயல்பு. வால் நுனி இரண்டு இதழாகப் பிரிந்து வேகத்தைக் குறைக்கும். தரையிறங்கியதும் காற்றை முன்னோக்கித் தள்ளி வேகத்தைக் குறைக்கும் எதிர்த்தள்ளல் வசதி இன்ஜினில் கிடையாது. சிலியின் டிஏபி நிறுவனம் புண்டா அரேனாஸிலிருந்து அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவுக்கு இந்தக் குடும்ப விமானங்களை ஓட்டுகிறது. அங்கே சரளை ரன்வே, நீளம் சுமார் 1,300 மீட்டர். மறுபடியும், ரகம் நீடிப்பதற்கான காரணம் ரன்வேயில் இருக்கிறது.

வழக்கமான சேவையில் இல்லாத ரகங்களுக்குப் பக்கவழிகள் உண்டு. 727இன் கடைசி வழக்கமான பயணிகள் சேவை 2019 ஜனவரியில் ஈரானில் முடிந்தது. ஆனால் அமெரிக்காவின் ஜீரோ-ஜி நிறுவனம் எடையின்மைப் பயணங்களுக்கு ஒரு 727-200ஐப் பயன்படுத்துகிறது, பொதுமக்கள் டிக்கெட் வாங்கலாம். பிரான்ஸில் போர்டோவிலிருந்து நோவஸ்பேஸ் நிறுவனம் இதே வேலைக்கு ஒரு ஏ310ஐ வைத்திருக்கிறது. அந்த விமானம் கிழக்கு ஜெர்மனியின் இன்டர்ஃப்ளூக் நிறுவனத்துக்காக வாங்கப்பட்டு, நாடுகள் இணைந்த பிறகு ஜெர்மன் அரசின் தலைவர்களைச் சுமந்து, பிறகு இங்கே வந்தது. இரண்டுமே பல ஆயிரம் டாலர் செலவு. டிசி-3க்கு வழி மலிவு: ஸ்வீடனில் ஃப்ளைகாண்டே வெட்டரானர் சங்கம் 1943இல் தயாரான 'டெய்ஸி'யைப் பராமரிக்கிறது, உறுப்பினராகச் சேர்ந்தால் பறக்கலாம். அமெரிக்காவில் இஏஏ என்ற விமான ஆர்வலர் அமைப்பு ஃபோர்ட் ட்ரைமோட்டார் என்ற பழைய மூன்று இன்ஜின் விமானத்தை ஊர் ஊராகக் கொண்டுசென்று குறுகிய பறப்புகள் தருகிறது. இவற்றில் கடைசி நேர ரத்து சகஜம். எண்பது ஆண்டு பழைய பிஸ்டன் இன்ஜினில் ஒரு சிலிண்டர் அழுத்தம் குறைந்தாலே அன்றைய நாள் முடிந்தது. அந்த ஒன்றுக்காக மட்டும் கடல் கடந்து போகாதீர்கள், வேறு பயணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நேராகச் சொல்ல வேண்டும். விமானத்தின் வயது தனியாக ஆபத்தைச் சொல்லாது. உலோகத்தைச் சோர்வடையச் செய்வது ஆண்டுகளைவிட, ஏறி இறங்கும் எண்ணிக்கை, அதாவது உள்ளழுத்தம் ஏறித் தணியும் எண்ணிக்கை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் மேற்கூரை பிய்ந்துபோன அலோஹா 737-200க்கு வயது 19தான், ஆனால் 89,680 முறை பறந்து இறங்கியிருந்தது, அதுவும் உப்புக்காற்றில். அதற்குப் பிறகுதான் முதுமையடையும் விமானங்களுக்கான சோதனை விதிகள் கடுமையாயின. ஒழுங்காகப் பராமரிக்கும் ஏர்லைனின் முப்பது ஆண்டு 757இல் ஏற நான் யாருக்கும் தயங்காமல் சொல்வேன். தயங்க வேண்டியது பராமரிப்பைக் கண்காணிக்கும் அமைப்பு பலவீனமாக உள்ள இடத்தில். 2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தில் யுங்கர்ஸ் 52 என்ற அரும்பொருள் விமானம் விழுந்து 20 பேர் இறந்தார்கள். நல்ல நாட்டில், பெயர் பெற்ற அமைப்பில், பயிற்சி பெற்ற விமானிகளோடு. பழைய அரும்பொருள் விமானத்தில் ஏறும்போது ஏர்லைன் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது. 2025 ஜூலை 24 அன்று ருஷ்யாவின் டிண்டா அருகே விழுந்த அன்டோனோவ் 24, 1976இல் தயாரானது. 48 பேரும் இறந்தார்கள். சைபீரியாவில் அந்த ரகம் இன்னும் பறப்பதற்குக் காரணம், அந்த மண் ரன்வேக்களுக்கு ஏற்ற மாற்று இன்னும் வரவில்லை.

ஏறும் முன் மூன்றைப் பாருங்கள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியல், ஐயோசா தணிக்கைப் பதிவு (ஏர்லைன்களின் பாதுகாப்புத் தணிக்கை), உங்கள் பயணக் காப்பீட்டின் விலக்குகள். தடைப்பட்டியலை முழுதாகப் படியுங்கள், ரகவாரியாக விதிவிலக்குகள் இருக்கும். வடகொரியாவின் ஏர் கோரியோவுக்கு அதன் டுப்போலெவ் 204 விமானங்கள் மட்டும் அனுமதி பெற்றவை. அந்த நாட்டுக்கு இல்யூஷின் 62, டுப்போலெவ் 154 ஆகியவற்றில் பறக்க விமான ஆர்வலர் சுற்றுலாக்கள் நடந்த காலம் உண்டு. 2020 ஜனவரியில் எல்லை மூடியதோடு அது நின்றது.

ஈரான் பெரிய அருங்காட்சியகம். பயணிகள் ஏ300 எஞ்சியிருப்பது ஏறக்குறைய அங்கே மட்டும்தான். எம்டி-80, ஃபோக்கர் 100, ஏ310 எல்லாம் தடைகளால் தங்கிப்போனவை. ஆனால் இப்போதைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வான்வெளி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது, வெளிநாட்டு அட்டைகள் அங்கே செல்லாது, பல காப்பீடுகள் பொருந்தாது. விசா இல்லாமல் அமெரிக்கா செல்லத் தகுதியுள்ள நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஈரானுக்கோ வடகொரியாவுக்கோ 2011 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ போயிருந்தால் அந்தச் சலுகையை இழப்பார்; கியூபாவுக்கு 2021 ஜனவரி 12 அன்றோ அதற்குப் பிறகோ போயிருந்தாலும் அப்படியே. ஒரு ஏ300க்காக அந்த விலை கொடுக்கத் தயாரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பறந்ததைக் குறித்துவைப்பதில் ஒரே அறிவுரை: பதிவெண்ணை விமானத்திலிருந்து நீங்களே படியுங்கள், தளங்களை நம்பி எழுதாதீர்கள். பதிவெண் மாறிய விமானத்துக்குத் தளங்களின் தரவு பல வாரம் பழையதாகவே இருக்கும். மூக்குச் சக்கரக் கதவில் அதன் கடைசி எழுத்துகள் இருக்கும். உள்ளே ஏறும்போது முன் இடது கதவின் சட்டத்தைப் பாருங்கள். அநேக விமானங்களில் அங்கே உள்ளங்கையைவிடச் சிறிய உலோகத் தகடு ஒன்று ஆணியடித்திருக்கும்: தயாரித்தவர் பெயர், மாடல், தொடர் எண், சிலவற்றில் தயாரித்த தேதி. பலமுறை பெயிண்ட் பூசி மங்கியிருக்கும், பின்னால் வரிசை காத்திருக்கும், ஆகவே நின்று படிக்காதீர்கள். இறங்கும்போது கடைசி ஆளாக வாருங்கள், பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டு அப்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் படம் எடுப்பதே குற்றமாக உள்ள நாடுகளில் அந்தத் தொடர் எண்ணைக் கையால் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம், பெயர், பதிவெண் எத்தனை முறை மாறினாலும் அந்தத் தொடர் எண் மாறாது. அந்த ஒரு விமானம் எங்கெல்லாம் இருந்து வந்தது என்பதை அதை வைத்துக் கடைசி வரை தேடி எடுத்துவிடலாம்.